வீட்டு ரூட்டரில் உள்வரும் ஃபயர்வால் விதிகள்: எதைத் திறக்கலாம், எதைத் தொடவே கூடாது

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரூட்டரின் மேலாண்மைப் பக்கத்தில் 'உள்வரும் ஃபயர்வால் விதிகள்' என்ற பட்டியல் காலியாகக் கிடக்கிறது. மூல முகவரி, மூலப் போர்ட் (போர்ட் என்பது ஒரு கருவிக்குள் எந்தச் சேவைக்கான பேச்சு என்று காட்டும் எண்), சேரும் முகவரி, சேரும் போர்ட், அனுமதி அல்லது மறுப்பு என்று கட்டங்கள் தெரிகின்றன. வாசலில் மாட்டிய கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும். பட்டியல் காலியாக இருப்பதால் வீடு இப்போது திறந்து கிடக்கிறதா? முதலில் 'எல்லாவற்றையும் மறு' என்று ஒரு விதி எழுத வேண்டுமா? ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) ஃபயர்வாலை அணைத்துவிட்டால் ஆன்லைன் விளையாட்டு தடையில்லாமல் ஓடும் என்று நண்பர் சொல்கிறார்; செய்யலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பட்டியல் காலியாக இருப்பது நல்ல செய்தி. இன்றைய வீட்டு ரூட்டர்களில் அநேகமாக எல்லாமே, வெளியிலிருந்து கேட்காமல் வரும் எதையும் உள்ளே விடக்கூடாது என்ற இயல்பு நிலையோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. அந்த மறுப்பு பட்டியலில் ஒரு வரியாகத் தெரியாது. பட்டியலில் எதுவும் பொருந்தாதபோது கடைசியில் செயல்படும் கொள்கையாக அது உள்ளே இருக்கிறது. ஆகவே நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு விதியும் ஒரு திறப்பு. உள்வரும் விதிகளைப் பொறுத்தவரை உங்கள் வேலை எத்தனை திறப்புகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதும், முடிந்தவரை அவற்றைக் குறைப்பதும்தான். அதில் நீங்கள் எழுதாமலேயே திறந்துகொண்டவையும் அடக்கம். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

'உள்வரும்' என்பதைப் பலர் பதிவிறக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு படத்தைப் பார்க்கும்போது பல ஜிபி தரவு வீட்டுக்குள் வருகிறது; ஆனால் ஃபயர்வாலின் கணக்கில் அது உள்வரும் இணைப்பு அல்ல. யார் முதலில் பேச்சைத் தொடங்கினார்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் மடிக்கணினியின் முகவரி 192.168.1.23 என்று வைத்துக்கொள்வோம். அது 51544 என்ற போர்ட்டிலிருந்து ஏதோ ஒரு தளத்தின் 443ஆம் போர்ட்டுக்கு முதல் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அனுப்புகிறது. ரூட்டர் அதை வெளியே விடும் அதே நேரத்தில், இந்த நான்கு விவரங்களையும் தன் நினைவில் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. தளத்திலிருந்து வரும் பதில் அந்தக் குறிப்போடு பொருந்துவதால் உள்ளே போகிறது. குறிப்பே இல்லாத பாக்கெட் வந்தால், யாரும் கேட்காத சரக்கு என்று கொள்கை அதை வீசிவிடுகிறது. குறிப்புகளுக்கும் ஆயுள் உண்டு. முதலில் இணைப்பை ஏற்படுத்திவிட்டுப் பேசும் டிசிபி முறையில், நிலைபெற்ற இணைப்பு ஒன்று சும்மா இருந்தால், பல ரூட்டர்களுக்குள் இயங்கும் லினக்ஸ் கர்னல் இயல்பாக 5 நாள் வரை அந்தக் குறிப்பை வைத்திருக்கும். வீட்டு ரூட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி அதை 7440 நொடியாக, சுமார் இரண்டு மணி நேரமாகக் குறைத்திருக்கிறது. இணைப்பு ஏற்படுத்தாமலேயே அனுப்பும் யுடிபி முறைக்கு ஆயுள் இன்னும் குறைவு, நொடிக் கணக்குதான்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "நேட் இருக்கிறதே, அதுவே ஃபயர்வால்தானே" என்பார்கள். நேட் என்பது வீட்டுக்குள் இருக்கும் முகவரிகளை ரூட்டரின் ஒரே வெளி முகவரியாக மாற்றும் வேலை. மறுப்பது வேறு வேலை. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்கத்தோடு அதே பிணையத்தில் இருக்கும் ஒருவர், சேரும் முகவரியில் நேராக 192.168.1.23 என்று எழுதி ஒரு பாக்கெட்டை உங்கள் ரூட்டரிடம் கொடுத்தால், வடிகட்டும் விதி இல்லாத ரூட்டர் அதைச் சமர்த்தாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நடைமுறையில் இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்தே இருப்பதால் இந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை. ஐபிவி6 வந்ததும் தெரிந்துவிடுகிறது.

எதையும் எழுதுவதற்கு முன் ரூட்டரின் நிலைப் பக்கத்துக்குப் போய், வெளிப்பக்க முகவரி என்னவென்று பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரையிலோ 192.168 என்றோ இருந்தாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான எல்லைக்குள் இருந்தாலோ, உங்களுக்குப் பொது ஐபிவி4 (பழைய முகவரி முறை) முகவரி இல்லை. கடைசியாகச் சொன்ன எல்லை, இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைப்பதற்காகவே 2012இல் ஒதுக்கப்பட்டது, சிஜிநேட் என்பார்கள். முகவரிகள் தீர்ந்துபோனதன் விளைவு இது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. சிஜிநேட்டுக்குப் பின்னால் இருந்தால், ரூட்டரில் எத்தனை விதி எழுதினாலும் ஐபிவி4 வழியாக ஒரு பாக்கெட்கூட உங்களிடம் வந்து சேராது, ஏனென்றால் அது நிறுவனத்தின் பெட்டியிலேயே நின்றுவிடுகிறது. "போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன், வேலை செய்யவில்லை" என்ற புலம்பல்களில் பெரும்பங்கு இதனால்தான். ரூட்டரை மாற்றிப் பயனில்லை. நிறுவனத்திடம் நிலையான பொது முகவரியைக் கட்டணம் கொடுத்து வாங்கலாம், அல்லது ஐபிவி6 வழியாகப் போகலாம்.

192.168 என்று வந்தால் இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டராக இயங்க, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டரை மாட்டியிருப்பீர்கள். இரண்டு ரூட்டர், இரண்டு நேட், இரண்டு ஃபயர்வால். ஃபைபர் பெட்டியை ரூட்டர் வேலை செய்யாமல் தரவை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டு, நிறுவனத்தின் இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரூட்டரிலேயே போடுவது சுத்தமான வழி.

இப்போது விதிகளுக்கு வருவோம். வெளியிலிருந்து வரும் பாக்கெட் இரண்டு வகை. ஒன்று ரூட்டருக்கே வருவது. இன்னொன்று ரூட்டர் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவிக்குப் போவது. லினக்ஸில் விதிகளின் தொகுப்பைச் சங்கிலி என்பார்கள்; முதலாவது 'இன்புட்' சங்கிலி, இரண்டாவது 'ஃபார்வர்டு' சங்கிலி. மலிவான ரூட்டர்களின் மேலாண்மைப் பக்கங்கள் இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் குழப்பி வைத்திருக்கும். ஓபன்டபிள்யூஆர்டியில் சேருமிடம் 'இந்தச் சாதனம்' என்றால் முதல் வகை, 'லேன்' (வீட்டுப் பிணையம்) என்றால் இரண்டாம் வகை என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் வகையில் திறக்க வேண்டியது ஏறக்குறைய எதுவுமே இல்லை. மேலாண்மைப் பக்கம் இயங்கும் 80, 443, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22, டெல்நெட்டின் 23 ஆகியவை வெளியிலிருந்து தெரியவே கூடாது. 'தொலைநிலை மேலாண்மை' என்று ஒரு பொத்தான் வேறொரு பக்கத்தில் ஒளிந்திருக்கும். அது ஃபயர்வால் பட்டியலில் வராமலேயே ஒரு திறப்பை உண்டாக்கும். தேடிப் பிடித்து அணையுங்கள். தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் 53 வெளியே தெரிந்தால் உங்கள் தரவு திருடுபோகாது. ஆனால் உங்கள் ரூட்டரிடம் சின்னக் கேள்வி கேட்டு, பெரிய பதிலை மூன்றாவது ஒருவரின் தலையில் கொட்டவைக்கும் தாக்குதலுக்கு உங்கள் இணைப்பு கருவியாகிவிடும்.

7547 என்ற எண்ணையும் நினைவில் வையுங்கள். இணைய நிறுவனம் உங்கள் ரூட்டரைத் தொலைவிலிருந்தே அமைப்பதற்கான டிஆர்-069 நெறிமுறையின் போர்ட் அது. 2016 நவம்பர் இறுதியில் இந்தப் போர்ட்டைக் குறிவைத்த தாக்குதலில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு ஜெர்மனியில் தடைபட்டது. நிறுவனம் கொடுத்த பெட்டியில் இதை அணைக்க உங்களுக்கு உரிமை இருக்காது. பிரிட்ஜ் நிலையில் உங்கள் சொந்த ரூட்டரை வைத்துக்கொள்ள இது இன்னொரு காரணம்.

இரண்டாம் வகையில்தான் டிவிஆர் வருகிறது. ஐபிவி4இல் இதற்கு போர்ட் ஃபார்வர்டிங் வேண்டும். அதாவது, வெளிப்பக்கத்தின் இன்ன போர்ட்டுக்கு வந்தால் உள்ளே இன்ன முகவரிக்கு, இன்ன போர்ட்டுக்கு அனுப்பு என்ற உத்தரவு. இங்கே எல்லோரும் வழுக்கி விழும் இடங்கள் மூன்று.

மூலப் போர்ட் கட்டம் முதலாவது. டிவிஆர் 8000ஆம் போர்ட்டில் இயங்குகிறது என்று சேரும் போர்ட்டில் 8000 எழுதுகிறார்கள்; பக்கத்துக் கட்டமும் காலியாக இருக்கிறதே என்று மூலப் போர்ட்டிலும் 8000 எழுதிவிடுகிறார்கள். விதி பார்ப்பதற்குச் சரியாக இருக்கும், ஒருநாளும் பொருந்தாது. உங்கள் கைப்பேசி பேச்சைத் தொடங்கும்போது தன் பக்கத்தில் அந்த நேரத்துக்குக் கிடைத்த ஏதோ ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறது. அது என்னவென்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. மூலப் போர்ட்டை எப்போதும் காலியாகவோ 'ஏதேனும்' என்றோ விடுங்கள்.

இரண்டாவது, முகவரி மாற்றமும் வடிகட்டலும் நடக்கும் வரிசை. சேரும் முகவரியை மாற்றும் வேலை முதலில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஃபார்வர்டு சங்கிலி பாக்கெட்டைப் பார்க்கிறது. அப்போது பாக்கெட்டில் இருப்பது உங்கள் பொது முகவரி அல்ல, டிவிஆரின் 192.168.1.50. வெளியே 48123 என்றும் உள்ளே 8000 என்றும் மாற்றி வைத்திருந்தால், வடிகட்டும் விதியில் எழுத வேண்டியது 8000. பொது முகவரியையும் 48123ஐயும் எழுதினால் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். ஓபன்டபிள்யூஆர்டியில் போர்ட் ஃபார்வர்டிங் எழுதினால் அதற்கான அனுமதி தானாகவே சேர்ந்துவிடும். மைக்ரோடிக் நிறுவன ரூட்டர்களின் இயல்பு அமைப்பிலும் முகவரி மாற்றப்பட்ட இணைப்புகளைத் தடுக்காத ஏற்பாடு இருக்கிறது. வேறு ரூட்டர்களில் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது மிகச் சாதாரணமானது. 192.168.1.50 என்பது டிவிஆருக்கு டிஹெச்சிபி (ரூட்டர் கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு) அன்றைக்குக் கொடுத்த முகவரி. மின்சாரம் போய் வந்தால் அதே முகவரி வேறொரு தொலைக்காட்சிக்குப் போகலாம். அப்போது விதி தொலைக்காட்சியை உலகத்துக்குத் திறந்து காட்டும். ஆகவே விதி எழுதும் முன்பே டிவிஆரின் மேக் முகவரிக்கு (கருவியோடு பிறந்த வன்பொருள் எண்) அந்த ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

விதிகளின் வரிசையும் முக்கியம். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். மேலே 'எல்லாவற்றையும் அனுமதி' இருந்தால் கீழே 'டெல்நெட்டை மறு' என்று எழுதுவது வெறும் அலங்காரம். டிஎம்இசட் என்ற வசதியும் அதே ரகம்; வேறு விதியில் குறிப்பிடாத எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும். பெயரைக் கேட்டால் பாதுகாப்பு வளையம் போலத் தோன்றும். வீட்டு ரூட்டரில் அதைத் தெரிவு செய்யும் தேவை வரும் என்று நான் நினைக்கவில்லை.

சரி, இவ்வளவும் சரியாக எழுதி டிவிஆரின் போர்ட்டைத் திறந்துவிட்டால் படம் தெரியும். ஆனால் திறக்காதீர்கள் என்பதுதான் என் பதில். கேமராப் பெட்டிகளின் வரலாறு அப்படி. 2016இல் மிராய் என்ற தீநிரல் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 23, 2323 போர்ட்டுகளைத் தட்டி, தொழிற்சாலையிலிருந்து வந்த பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபத்துச் சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் வைத்தே அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் ஹைக்விஷன் கருவிகளில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை வெளிவந்தது. வலைப்பக்கம் இயங்கும் போர்ட் எட்டினால் போதும். இதே பேச்சு விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் 3389க்கும், கோப்புப் பகிர்வின் 445க்கும் பொருந்தும்; 2017 மே மாதத்தில் வானாக்ரை பரவியது 445 வழியாகத்தான்.

போர்ட் எண்ணை 48123 என்று மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பிலிருந்து, முழு ஐபிவி4 உலகத்தையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. ஷோடன் போன்ற தேடுபொறிகள் அப்படிக் கிடைத்ததை வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றன. எண்ணை மாற்றினால் ரூட்டரின் பதிவேட்டில் இரைச்சல் குறையும், பாதுகாப்பு கூடாது.

மூல முகவரியைக் கட்டுப்படுத்துவது மட்டும் உண்மையிலேயே பயனுள்ள வேலி. அலுவலகத்துக்கு நிலையான முகவரி இருந்து, அங்கிருந்து மட்டும் பார்த்தால் போதும் என்றால், அந்த ஒரு முகவரியை மூலக் கட்டத்தில் எழுதுங்கள். மற்ற எல்லோருக்கும் போர்ட் மூடியே இருக்கும். கைப்பேசித் தரவிலிருந்து பார்ப்பவருக்கு இது உதவாது. அங்கே முகவரி நிலையாக இருப்பதில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு திறப்பு: வயர்கார்டு, அதாவது வெளியூரிலிருந்து வீட்டுக்குள் மறைகுறியிட்ட தனிப்பாதை போடும் விபிஎன். 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து அது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டியிலும் புதிய பல ரூட்டர்களிலும் நிறுவலாம். இதன் சிறப்பு என்னவென்றால், சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. போர்ட்டைத் தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்று இயங்குகிறது என்ற தடயம்கூடக் கிடைப்பதில்லை. டிவிஆரின் வலைப்பக்கத்தைத் திறந்து வைப்பதற்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை.

விதி எளிது. மூல மண்டலம்: வெளிப்பக்கம். மூல முகவரி, மூலப் போர்ட்: ஏதேனும். நெறிமுறை: யுடிபி மட்டும். சேருமிடம்: ரூட்டர்தான், டிவிஆர் அல்ல. சேரும் போர்ட்: 51820. செயல்: அனுமதி. வயர்கார்டு ரூட்டரிலேயே இயங்குவதால் இது இன்புட் வகை விதி; போர்ட் ஃபார்வர்டிங் தேவையில்லை. இதன் பிறகு வயர்கார்டு இடைமுகத்துக்கென்று ஒரு தனி மண்டலம் வைத்து, அங்கிருந்து 192.168.1.50க்கு மட்டும், டிவிஆர் பயன்படுத்தும் போர்ட்டுகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பெரும்பாலான டிவிஆர்களில் நேரலைப் படத்துக்கான ஆர்டிஎஸ்பி நெறிமுறைக்கு 554 இருக்கும். செயலிக்கான போர்ட் தயாரிப்புக்கு ஏற்ப மாறும், ஹைக்விஷனில் 8000, தாஹுவாவில் 37777. கைப்பேசி தொலைந்து போனாலும் எடுத்தவர் டிவிஆர் வரைதான் போக முடியும், உங்கள் கணினிக்குள் அல்ல. அந்தக் கைப்பேசியின் சாவியை ரூட்டரிலிருந்து நீக்கிவிட்டால் அதுவும் முடிந்தது.

கைப்பேசியில் 'அனுமதிக்கப்பட்ட ஐபிகள்' என்ற இடத்தில் 192.168.1.50/32 (/32 என்றால் அந்த ஒரே முகவரி) என்று மட்டும் எழுதினால், யூடியூபும் மற்றவையும் வழக்கம்போல நேராகப் போகும். டிவிஆருக்கான போக்குவரத்து மட்டும் வீட்டுக்கு வரும். வீட்டின் பொது முகவரி அடிக்கடி மாறுமானால் மாறும் முகவரியைத் தொடர்ந்து சுட்டும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்று வேண்டும். வயர்கார்டு அந்தப் பெயரை இணைப்பைத் தொடங்கும்போது மட்டும்தான் தேடும். முகவரி மாறிவிட்டால் ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும்.

இனி ஐபிவி6. நண்பர் அணைக்கச் சொன்ன இடம். ஐபிவி6இல் நேட் கிடையாது. உங்கள் டிவிஆர், தொலைக்காட்சி, அச்சுப்பொறி, குழந்தையின் டேப்லெட் எல்லாவற்றுக்கும் உலகம் முழுவதிலிருந்தும் எட்டக்கூடிய சொந்த முகவரி இருக்கிறது. ஐபிவி4இல் நேட்டின் தயவால் தற்செயலாகக் கிடைத்த மறைவு இங்கே இல்லை; ஃபயர்வால் ஒன்றுதான் சுவர். அதை அணைப்பது, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரே நேரத்தில் டிஎம்இசட் கொடுப்பதற்குச் சமம். விளையாட்டுக்குத் தடை வந்தால் அந்த விளையாட்டுக் கருவிக்கு மட்டும், அதன் போர்ட்டுக்கு மட்டும் ஒரு விதி எழுதினால் போதும்.

'ஒரு /64 பிணையத்தில் (128 பிட் முகவரியின் முன் 64 பிட்டும் ஒன்றாக உள்ள பிணையம்) 2இன் 64ஆம் அடுக்கு முகவரிகள் இருக்கின்றன; யார் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?' என்ற வாதம் பாதி உண்மை. தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்தான். ஆனால் உங்கள் கருவி வெளியே பேசும் ஒவ்வொரு சர்வருக்கும் தன் முகவரியைத் தானே கொடுக்கிறது. ஷோடன் தன் சொந்த நேர சர்வர்களைப் பொது நேரக் குழுமத்தில் சேர்த்து, மணி கேட்க வந்த கருவிகளின் ஐபிவி6 முகவரிகளைச் சேகரித்துத் திரும்பத் தட்டிப் பார்த்தது 2016 தொடக்கத்தில் வெளிப்பட்டது.

ஐபிவி6இல் விதி எழுதும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். நிறுவனம் தரும் முன்னொட்டு, அதாவது முகவரியின் முன்பகுதி, அடிக்கடி மாறும். முழு முகவரியை விதியில் எழுதினால் அடுத்த மாற்றத்தில் அது செத்துவிடும். ஓபன்டபிள்யூஆர்டியில் சேரும் முகவரியை ::50/-64 என்று எழுதலாம். கழித்தல் குறி, முன் 64 பிட்டுகளைப் பார்க்காதே, பின் பாதி மட்டும் பொருந்தினால் போதும் என்று சொல்கிறது. டிவிஆருக்கு ::50 என்ற பின்னொட்டை நிலையாக ஒதுக்கிவிட்டால் விதி நிலைத்திருக்கும். வயர்கார்டு வழியாகப் போனால் இந்தத் தொல்லையும் இல்லை. 51820க்கான அதே இன்புட் விதியை ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் பொருந்துமாறு வைத்தால் போதும். சிஜிநேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதுதான் கட்டணமில்லாத வழி. கைப்பேசி நிறுவனமும் ஐபிவி6 தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இந்தியாவில் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் தருகின்றன.

ஐபிவி6இல் கைவைக்கக் கூடாதது ஐசிஎம்பிவி6, அதாவது பிழை, நிலைச் செய்திகளைக் கொண்டுபோகும் ஐசிஎம்பி நெறிமுறையின் ஐபிவி6 வடிவம். 'பிங்கைத் (கருவி இருக்கிறதா என்று தட்டிக் கேட்கும் செய்தி) தடு' என்ற ஆர்வத்தில் ஐசிஎம்பியை மொத்தமாக மறுப்பவர்கள் உண்டு. ஐபிவி4இல் அப்படிச் செய்தாலே தொல்லை வரும். பிபிபிஓஇ இணைப்பு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500க்குப் பதில் 1492தான் போகும். 'இது பெரியது, சிறிதாக்கு' என்ற ஐசிஎம்பி செய்தி திரும்பி வராவிட்டால் சில தளங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும். காரணமே தெரியாது. ஐபிவி6இல் வழியில் இருக்கும் ரூட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை என்பதால் அந்தச் செய்தி, அதாவது ஐசிஎம்பிவி6 வகை 2, உயிர்நாடி. பக்கத்துக் கருவிகளைக் கண்டுபிடிப்பதும் 133 முதல் 136 வரையிலான வகைகளால்தான் நடக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டியின் இயல்புப் பட்டியலில் ஐசிஎம்பிவி6க்கும், நிறுவனத்திடமிருந்து முன்னொட்டு வாங்கும் யுடிபி 546க்கும் அனுமதி விதிகள் ஏற்கெனவே இருக்கும். 'நான் எழுதாத விதி இங்கே எதற்கு' என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்வதா வேண்டாமா என்பது விருப்பம்.

பாக்கெட்டை ஓசையில்லாமல் வீசுவதா, 'இல்லை' என்று பதில் அனுப்பி மறுப்பதா என்று நீண்ட விவாதம் நடக்கும். வெளிப்பக்கத்தில் எது செய்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஓசையில்லாமல் வீசினால் நீங்கள் இருப்பதே தெரியாது என்பது மிகை. உண்மையிலேயே அங்கே யாரும் இல்லையென்றால் பெரும்பாலும் முந்தைய ரூட்டர் 'எட்டவில்லை' என்று சொல்லியிருக்கும். வீட்டுக்குள் மட்டும் மறுப்பை அனுப்புங்கள். உங்கள் கருவிகள் வீணாகக் காத்திருக்காது.

நீங்கள் எழுதாமலேயே திறப்பவற்றில் முதலிடம் யுபிஎன்பி என்ற வசதிக்கு. வீட்டுக்குள் இருக்கும் எந்த மென்பொருளும் ரூட்டரிடம் 'இந்தப் போர்ட்டைத் திற' என்று கேட்கலாம்; ரூட்டர் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்துவிடும். டிவிஆர்கள் பல இதைத் தாங்களாகவே செய்கின்றன. நீங்கள் கவனமாக எதையும் திறக்காமல் இருக்க, பெட்டி தன்னைத் தானே இணையத்தில் காட்டிக்கொண்டிருக்கும். இன்னும் மோசம், சில ரூட்டர்கள் யுபிஎன்பியை வெளிப்பக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தன. ரேப்பிட்7 நிறுவனம் 2013 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில் இணையத்திலிருந்து யுபிஎன்பி தேடலுக்குப் பதில் சொன்ன முகவரிகள் 8 கோடிக்கு மேல். ரூட்டரில் யுபிஎன்பியை அணையுங்கள், டிவிஆரிலும் அணையுங்கள். பிறகு ரூட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் பழைய திறப்புகள் போய்விடும்.

எழுதி முடித்ததும் சோதனை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரியைத் தட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பாக்கெட் வெளியே போகாமல் ரூட்டருக்குள்ளேயே திரும்புவதால் மேலாண்மைப் பக்கம் திறப்பதுபோலத் தெரியும், பயந்துபோவீர்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு மடிக்கணினியை இணைத்து, போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் என்மேப் கருவியால் வீட்டின் ஐபிவி4 முகவரியையும், டிவிஆரின் ஐபிவி6 முகவரியையும், ரூட்டரின் ஐபிவி6 முகவரியையும் தனித்தனியே பாருங்கள். பலர் ஐபிவி4ஐ மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். 'திறந்தது' என்று எதுவும் வரக்கூடாது. 'மூடியது', 'வடிகட்டப்பட்டது' இரண்டும் சரி.

பதிவேட்டை இயக்கினால் மறுக்கப்பட்ட பாக்கெட்டுகள் நிமிடத்துக்கு நிமிடம் வந்து விழும்: மூலம் ஏதோ ஒரு நாட்டு முகவரி, சேரும் போர்ட் 23, டிசிபி, வீசப்பட்டது. அடுத்தது 445. அடுத்தது 8080. உங்களை யாரும் தனியாகக் குறிவைக்கவில்லை. பொது முகவரி உள்ள எல்லோருக்கும் இதே மழைதான். ஒவ்வொரு முகவரியாகத் தடைப்பட்டியலில் சேர்க்கும் வேலையில் இறங்காதீர்கள், அவை ஏற்கெனவே மறுக்கப்பட்டவை. பதிவேட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

51820ஐ என்மேப்பில் யுடிபியாகச் சோதித்தால் 'திறந்திருக்கலாம் அல்லது வடிகட்டப்பட்டிருக்கலாம்' என்றுதான் வரும். வயர்கார்டு பதில் சொல்லாத இயல்பினால் வருவது அது, கோளாறு அல்ல. விதி வேலை செய்கிறதா என்று அறிய, கைப்பேசியில் வயர்கார்டை இயக்கி, டிவிஆரின் முகவரியை ஒருமுறை திறந்துவிட்டு, ரூட்டரில் 'கடைசிக் கைகுலுக்கல்' நேரத்தைப் பாருங்கள். சில நொடிகளுக்கு முன் என்று காட்டினால் எல்லாம் சரி. கைகுலுக்கல் நடந்தும் படம் வரவில்லை என்றால் வயர்கார்டு மண்டலத்திலிருந்து டிவிஆருக்குப் போகும் விதியில் குறை. கைகுலுக்கலே இல்லை என்றால் வெளிப்பக்க விதியில் நெறிமுறை டிசிபி என்று தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல ரூட்டர்களில் அந்தக் கட்டம் இயல்பாக டிசிபியில்தான் நிற்கும்.